உப்புப் போட்டும் திரும்பாத மதில்

ஆவுடையப்பன் பார்த்த கோட்டைகளில் அவருக்குப் பிடித்தது என்று ஒன்றுகூட இல்லை; பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் அவர் ஒவ்வொன்றுக்கும் பஸ் ஏறினார் என்றுகூடச் சொல்லலாம். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறர் கட்டிய சுவரைக் குடைக்காம்பால் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "இடிச்சுட்டு மறுபடி கட்டு" என்று சொல்வதிலேயே ஆயுளில் பாதியைக் கழித்தவர். வேலூருக்குப் போனார், அகழியை எட்டிப் பார்த்து, கொசு வளர்க்கவா இவ்வளவு தோண்டினான் என்றார். வேலூருக்குப் போனார், அகழியை எட்டிப் பார்த்து, கொசு வளர்க்கவா இவ்வளவு தோண்டினான் என்றார். திருமயத்துக்குப் போனார், பாதி வேலையைப் பாறை செய்திருக்கிறது, மிச்சத்தையும் அதனிடமே விட்டிருக்கலாம் என்றார். திண்டுக்கல்லில் ஏறி இறங்கி, மூச்சு வாங்கியதால் ஒன்றும் சொல்லாமல், காறித் துப்பிவிட்டு வந்தார்.

இப்படி வடக்கே எட்டாத தூரத்தில் தொடங்கி, ஒவ்வொரு கோட்டையாகக் கிட்டத்தில் வந்து, கடைசியில் பாளையங்கோட்டையில் தன் வீட்டு வாசலில் நின்றாலே அங்கே போகிற பஸ் தெரிகிற நெடுமதில் என்ற ஊருக்கு அவர் வந்து சேர ஒரு வருஷம் ஆயிற்று. நெடுமதிலில்தான் அவருடைய ஒரே மகள் வடிவு இருந்தாள்.

அவள் கல்யாணம் செய்துகொண்டது கொம்பையா என்கிற மைக்செட்காரனை. ஜாதி ஒன்றுதான், உறவுமுறையும் இடிக்கவில்லை. ஆனால் கோயில் கொடைக்கும் சடங்கு வீட்டுக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போடுகிறவன் தனக்கு மருமகனா என்பது ஓவர்சியரின் கேள்வி. அந்தக் கொம்பையாவோ, தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால், மைக் கொரகொரக்கிறது என்று மணமேடையிலிருந்து மாலையோடு இறங்கிப் போய் வயரைச் சரி செய்துவிட்டு வந்தான். அதைப் பார்த்துக் கொதித்துப்போன ஆவுடையப்பன், "இவன் வீட்டில் நான் கை நனைக்க மாட்டேன், நனைச்சா இந்தக் கையை வெட்டிப் போடுங்க" என்று சொன்னார். சொன்ன இடம் மைக்குக்குப் பக்கம். கொரகொரப்பு நீங்கிய மைக் அதைத் துல்லியமாகத் தெருக்கோடி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதற்குப் பிறகு அவருக்கும் மகளுக்கும் பேச்சில்லை. ஆனால் சேதி இருந்தது. மனைவி உலகம்மாள் கோயிலுக்கு என்று சொல்லிக்கொண்டு நெடுமதிலுக்குப் போவாள். திரும்பி வந்ததும் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் அடுத்த வீட்டுக்காரியிடம், அந்த அம்மாளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று தெரிந்தும், "எங்க வடிவு கிரைண்டர் வாங்கியிருக்கா, எங்க வடிவுக்குக் கால்ல சேத்துப்புண்ணு" என்று உரக்கச் சொல்லுவாள். ஆவுடையப்பன் தினசரியைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒரே பக்கத்தை அவள் பேசி முடிக்கும் வரை படிப்பார். உலகம்மாள் செத்துப்போன பிறகு அந்தச் சேதி நின்றுவிட்டது. வடிவு வந்து பதினாறாம் நாள் வரை இருந்தாள். இவர் பேசவில்லை, அவளும் பேசவில்லை, போய்விட்டாள். சேத்துப்புண் ஆறியதா என்றுகூடத் தெரியாமல், கோட்டை கோட்டையாகச் சுற்றியதிலேயே அந்த ஒரு வருஷம் போயிற்று. ஆகவே அவர் மதில் பார்க்கப் புறப்பட்டார்.

நெடுமதில் ஊரைச் சுற்றி நிற்கிற அந்த மதிலை யார் கட்டியது என்று ஊரில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. வெளிப்பக்கம் செதுக்கிய கல். உள்பக்கம் மண் சரிவும், படைவீரர்கள் ஏறுவதற்கான படிக்கட்டும், வில்லும் விளக்கும் வைத்த மாடக்குழிகளும். பகையாளி வெளியே இருக்கும் வரை அது எல்லா மதிலையும் போலத்தான் நிற்கும். பகையாளி உள்ளே வந்துவிட்டால் மட்டும், தொழுவத்தில் படுத்த மாடு புரண்டு படுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும்; மதில் திரும்பிக்கொள்ளும். கல் முகம் ஊரைப் பார்க்கும், படிக்கட்டு காட்டைப் பார்க்கும். அவ்வளவுதான். அது யாரையும் தடுக்காது, யாரையும் நசுக்காது. வாசலில் இருந்த கதவு எந்தக் காலத்திலோ அடுப்பெரிக்கப் போய்விட்டது. முன்னொரு காலத்தில் படையெடுத்து வந்தவர்கள் வாசல் வழியாகவே நுழைந்து, அண்டா குண்டாவையெல்லாம் அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் மதில் திரும்பி நின்றதாம். "எங்க மதிலுக்கு ரோசம் மட்டும்தான் உண்டு, புத்தி கிடையாது" என்று ஊரார் வெளியூர்க்காரர்களிடம் சொல்லுவார்கள்.

மதில் திரும்புவதில் ஊருக்கு ஆச்சரியமில்லை, எரிச்சல்தான். ஏனென்றால் உள்பக்கச் சரிவில் பெண்கள் தட்டி வைத்த வறட்டி, கட்டிய ஆடு, கொடியில் காயப்போட்ட சேலை, படிக்கட்டு நிழலில் சீட்டு விளையாடுகிறவர்கள் எல்லோருமே மதிலோடு சேர்ந்து காட்டுப் பக்கம் போய்விடுவார்கள். சீட்டுக்காரர்கள் கையில் பிடித்த சீட்டைக் கீழே வைக்காமல், "ஏல, வெயில் இந்தப் பக்கம் வந்துட்டு" என்று ஒரு படி தள்ளி உட்கார்ந்து ஆட்டத்தைத் தொடருவார்கள். வறட்டிக்காரிகள்தான் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு, வந்த பகையாளியின் பரம்பரையையே ஏசிக்கொண்டு போவார்கள்.

இதற்கு ஊர் கண்டுபிடித்து வைத்திருந்த மருந்து உப்பு. பகையாளியைப் பிடித்து உட்கார வைத்து, இலை போட்டு, ஓரத்தில் உப்பு வைத்து, வயிறு நிறையச் சோறு போடுவார்கள். உப்பு உள்ளே போனதும், அவன் கை கழுவுவதற்குள் மதில் பழையபடி திரும்பிவிடும். ஆகவே நெடுமதிலில் வேண்டியவர்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடைப்பது கஷ்டம். வேண்டாதவர்களுக்கு அப்பளத்தோடு சாப்பாடு. சோம்பேறிகள் சிலர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வாசலில் நுழைந்து பார்த்தது உண்டு; அவர்களுக்கெல்லாம் மதில் அசையவில்லை. ஓட்டுக் கேட்டு வந்தவர்களுக்கும் ஒருபோதும் அசைந்ததில்லை; ஊரை நினைத்தால்தானே பகை வரும் என்று ஊரார் அதற்குக் காரணம் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லப்போவதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு பெண் பார்க்க வந்து பஜ்ஜிக்குக் காத்திருந்த ஒருவனுக்குத் திரும்பியது. பஜ்ஜியைத் தின்றதும் மதில் சரியாயிற்று, அவனும் சரி என்றான், அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஆவுடையப்பன் காலை வெயில் ஏறுகிற நேரத்தில் வாசலில் நுழைந்து, உள்பக்கச் சரிவைக் குடைக்காம்பால் ஒரு குத்துக் குத்தினார். இரண்டாவது குத்துக்குக் குடையை ஓங்கியபோது மாடு புரளும் சத்தம் கேட்டது. சரிவு இருந்த இடத்தில் கல் நின்றது. அவர் அதையும் தட்டிப் பார்த்தார். "சுண்ணாம்பு சரியாக் குழையல" என்றார்.

உடனே வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் கொரகொரத்தது. "ஊர்ப் பொதுமக்கள் கவனத்துக்கு. மதில் திரும்பிவிட்டது. வறட்டி தட்டியவர்கள், ஆடு கட்டியவர்கள் வாசல் வழியாகச் சுற்றிப் போகவும். சீட்டாடுகிறவர்கள் அப்படியே இருக்கலாம், உங்களால் யாருக்கும் உபயோகமில்லை. வந்திருக்கிற பெரியவர் தயவுசெய்து நின்ற இடத்திலேயே நிற்கவும்."

அது கொம்பையாவின் குரல். ஆவுடையப்பன் நின்ற இடத்தில் நிற்காமல் நாலடி தள்ளிப் போய் நின்றார்.

முதலில் வந்தவள் பிச்சம்மாள். மூன்று எருமைக்கும் மதில் நீளத்துக்கு வறட்டிக்கும் சொந்தக்காரி, ஊரில் யாரும் வாய்கொடுக்கப் பயப்படுகிறவள். வெயிலுக்குத் தலையில் போட்ட துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீருதானா? ஆளைப் பார்த்தா ஊதினாப் பறந்துருவீரு போல இருக்கு. இதுக்குப் போயா அது இம்புட்டுப் பெரிய உடம்பைத் திருப்பிச்சு?"

"நான் மதில் பார்க்க வந்தவன்" என்றார் ஆவுடையப்பன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. வாரும், வந்து தின்னும். என் வறட்டி காட்டுல கெடக்கு."

பிச்சம்மாள் வீட்டில் புளிக்குழம்பும் வெண்டைக்காயும். ஓவர்சியர் குழம்பைத் தொட்டு, புளி பழசு என்றார். வெண்டைக்காயைப் புரட்டி, நறுக்கியது சமமாக இல்லை என்றார். சொல்லிக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். பிச்சம்மாள் வாசலில் நின்று மதிலைப் பார்த்தாள். கல் முகம் கல் முகமாகவே நின்றது. அவள் உள்ளே வந்து ஒரு கை உப்பை அள்ளி மோரில் போட்டுக் கரைத்து நீட்டினாள். குடித்தார். மதில் அசையவில்லை.

ஊரில் இப்படி நடந்ததில்லை. தன் கை உப்புக்கு இப்படி ஒரு அவமரியாதையா என்று பிச்சம்மாள் கொதித்தாள். அவள் கை உப்பு அப்படித்தான் என்று அடுத்த வீட்டுக்காரி முணுமுணுத்து, அவரைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கூட்டாஞ்சோறு போட்டாள். அங்கேயும் மதில் திரும்பவில்லை. அதற்கு அடுத்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு, அதற்கு அடுத்த வீட்டில் சொதி, அதற்கும் அடுத்த வீட்டில் நேற்று வைத்த மீன் குழம்பு. ஒவ்வொரு வீட்டிலும் அவர் உட்கார்ந்தார், இலையை நீர் தெளித்துத் துடைத்தார், குற்றம் சொன்னார், தின்றார். தேங்காய் அரைபடவில்லை என்றார், அப்பளம் நமத்துவிட்டது என்றார், இந்த ரசத்துக்கு வெந்நீரே மேல் என்றார். வயிறு புடைத்து, வேட்டியைத் தளர்த்தி, நெற்றி வேர்த்து, கண் செருகி, ஆனாலும் அடுத்த வீட்டுக்கு நடந்தார். ஒவ்வொரு இலைக்குப் பிறகும் குழாய் சொன்னது: "செல்லையா வீட்டிலும் பெரியவர் சாப்பிட்டுவிட்டார். மதில் அசையவில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் இலையைப் போடவும்."

ஊர் முழுவதும் அவர் பின்னால் வந்தது. "இவ்வளவு பகையை வச்சுக்கிட்டு மனுசன் எப்படித் தூங்குவாரு?" என்றான் ஒருவன். "பகை எங்க இருக்கு, பசிதான் இருக்கு" என்றான் இன்னொருவன். காட்டுப் பக்கப் படிக்கட்டிலிருந்து சீட்டுக்காரர்கள், தங்களுக்கும் ஒரு வாய் சோறு அனுப்பச் சொல்லிக் கத்தினார்கள், யாரும் அனுப்பவில்லை.

பிச்சம்மாள் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டுக்கு எதிரே அவருக்குக் குறுக்கே நின்று, இடுப்பில் கை வைத்தாள்.

"ஓய் பெரியவரே. இந்தத் தெருவுல நாலு தரம் போய்ட்டு வந்துட்டீரு. அந்தப் பச்சைக் கதவு வீட்டைத் தாண்டும்போது மட்டும் குடையை விரிக்கீரு, தாண்டினதும் மடக்குதீரு. வெயிலு அந்த ஒரு வீட்டுக்கு முன்னாலதான் அடிக்குதா?"

ஆவுடையப்பன் குடையைப் பார்த்தார். அது அப்போதும் விரிந்துதான் இருந்தது.

"உமக்கு ஊரு மேல பகை இல்ல. ஒரு வீட்டு மேலதான். அந்த வீட்டு உப்பைத் திங்காம எங்க உப்பையெல்லாம் தின்னு தீர்த்தா மதிலு எப்படிவே திரும்பும்? வடிவோட அப்பன்தானே நீரு? மூக்கைப் பார்த்ததுமே எனக்குத் தட்டுச்சு. இம்புட்டுக் கொழுப்பு இருக்குமான்னுதான் சந்தேகமா இருந்துச்சு."

குழாய் கொரகொரத்தது. பச்சைக் கதவு திறந்தது.

வடிவு வாசலுக்கு வந்தாள். அம்மாவின் உடம்பு, அப்பாவின் மூக்கு. ஆவுடையப்பன் முதலில் அவள் காலைப் பார்த்தார். புண் ஆறியிருந்தது.

"வாங்க" என்றாள். அந்த ஒரு சொல்லை அவள் கதவை அறைந்து சாத்துகிற மாதிரி சொன்னாள்.

"மதில் பார்க்க வந்தேன்."

"பார்த்தாச்சா?"

"மட்டமான கட்டு."

"அதுவும் உங்களைப் பார்த்துட்டு அதைத்தான் சொல்லுது."

கூட்டம் சிரித்தது. ஆவுடையப்பன் திரும்பி வாசல் பக்கம் பார்த்தார். கதவில்லாத வாசல், அதற்கு அப்பால் ரோடு, ரோட்டில் பாளையங்கோட்டை பஸ் நிற்கிற புளியமரம். வெளியே போய்விட்டால் மதில் தானாகத் திரும்பிவிடும், யாரும் தடுக்கப்போவதில்லை. போய்விட்டால் மறுபடி வருவதற்குச் சாக்காக ஒரு கோட்டையும் மிச்சமில்லை.

"கை நனைக்க மாட்டேன்னு சொன்னவன் நான்" என்றார் மெதுவாக.

"தெரியும். எங்க வீட்டுக்காரர் மைக்குலதானே சொன்னீங்க."

"கையை வெட்டுததெல்லாம் பெறகு பார்த்துக்கலாம்" என்றாள் பிச்சம்மாள். "எங்கிட்ட அரிவாள் இருக்கு. இப்ப உள்ளே போய்த் தின்னும்."

உள்ளே சுவரோரம் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவற்றுக்கு மேலே மாலை போட்ட படத்தில் உலகம்மாள். படத்துக்குக் கீழே இலை ஏற்கெனவே போட்டிருந்தது. ஓரம் வாடிச் சுருண்டிருந்ததைப் பார்த்தால், காலையில் மதில் திரும்பிய போதே போட்ட இலை என்று தெரிந்தது. அவர் உட்கார்ந்தார். சோறு, பருப்பு, அவரைக்காய்ப் பொரியல், ரசம். கூட்டம் ஜன்னலிலும் கதவிலும் நெருக்கியது. பாதிப்பேர் அவர் வாயையும் பாதிப்பேர் மதிலையும் பார்த்தார்கள்.

அவர் ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார்.

"உப்பில்ல" என்றார்.

"இருக்காது" என்றாள் வடிவு.

"தாயி!" என்று ஜன்னலிலிருந்து பிச்சம்மாள் அலறினாள். "இம்புட்டுப் பாடுபட்டு உள்ளே கொண்டாந்து விட்டிருக்கேன், ஒரு கல் உப்பை எடுத்து இலையில வையி தாயி! என் வறட்டி மூணு நாள் உழைப்பு!"

"வைக்க மாட்டேன். அவருக்குப் பிரஷர். காலையில வெள்ளை மாத்திரை, சாயங்காலம் மஞ்சள் மாத்திரை. உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியும், ஊறுகாய் பாட்டிலை அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிச்சு வச்சுத் திங்காரு. அம்மா ஒவ்வொரு தடவை வரும்போதும் சொல்லித்தான் அழுவா." அவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பினாள். "காலையில இருந்து நீங்க எல்லாரும் சேர்ந்து ஊர் உப்பையெல்லாம் அவர் வயித்துல கொட்டிட்டீங்க. என் கையால நான் போட மாட்டேன். மதிலு எந்தப் பக்கம் பார்த்தா எனக்கென்ன?"

ஆவுடையப்பன் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். தினசரிக்குப் பின்னால் உட்கார்ந்து தான் மட்டும் சேதி கேட்டுக்கொண்டிருந்ததாக அவர் நினைத்திருந்தார். கோயிலுக்கு என்று சொல்லிப் போனவள் பாளையங்கோட்டையிலிருந்தும் ஒரு சேதி மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அதில் அவருடைய மாத்திரை, அவருடைய ஊறுகாய், அவருடைய இருமல் எல்லாம் இருந்திருக்கிறது. பாட்டில் இருக்கும் இடம் உலகம்மாளுக்குத் தெரிந்திருந்தது என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் குனிந்து சாப்பிட்டார். பருப்பு சப்பென்று இருந்தது, அவரைக்காய் சப்பென்று இருந்தது, ரசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. அவர் எதையும் சொல்லவில்லை. ஊர்ச் சோறு முழுவதும் தொண்டை வரை நிற்க, அதற்கு மேல் ஒவ்வொரு பிடியாக வைத்து, இலையை வழித்து முடித்தார். பிறகு கையைக் கழுவப் போகாமல் உட்கார்ந்தபடியே இருந்தார்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

வடிவு கரண்டியை எடுத்தாள். சோறு இலையில் விழுவதற்கு முன்னால் மாடு புரளும் சத்தம் கேட்டது. சீட்டுக்காரர்கள் வெளியே பிடித்த சீட்டோடு உள்ளே வந்து சேர்ந்தார்கள். வறட்டி வந்தது, ஆடு வந்தது, ஆட்டுக்கு நடுவே காட்டில் திரிந்த முயல் ஒன்றும் தவறி வந்து, தெருவில் ஓடித் திகைத்தது.

உப்பில்லாமல் மதில் திரும்பியதை ஊர் ஒத்துக்கொள்ளவே இல்லை. இத்தனை தலைமுறையாக அள்ளிப் போட்ட உப்பு வீண் என்றால் யார்தான் ஒத்துக்கொள்வார்கள்? தன்னுடைய மோரில் கரைத்த உப்புதான் நேரம் கழித்து வேலை செய்தது என்றாள் பிச்சம்மாள். இல்லை, தன் கருவாடு என்றாள் இன்னொருத்தி. அந்தச் சண்டை இன்றைக்கும் ஓயவில்லை.

கொம்பையா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். ஆவுடையப்பன் ஏப்பம் விட்டபடி எழுந்து, குடையால் வேப்பமரத்தைக் காட்டினார்.

"அந்தக் குழாயைக் கட்டியிருக்கிற லட்சணத்தைப் பாரு. வாய் சுவரைப் பார்த்து இருந்தா சத்தம் எப்படிக் கீழத்தெருவுக்குப் போகும்? ரெண்டடி மேலே ஏத்திக் கட்டு."

"சரி மாமா" என்றான் கொம்பையா, ஏணியை எடுக்கப் போனான்.

அதற்குப் பிறகு அவர் வேறு கோட்டை எதற்கும் போகவில்லை. மாதம் தவறாமல் நெடுமதில் பஸ்ஸில் வந்து இறங்கினார். மதில் அவருக்கு அசையாததால் ஊரில் யாரும் அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. பச்சைக் கதவு வீட்டில் உப்பில்லாத சோறு கிடைத்தது. "என்னவே, மதிலு பார்க்க வந்தீராக்கும்?" என்று வறட்டி தட்டியபடியே பிச்சம்மாள் கேட்பாள். அவர் ஆமாம் என்பார். சரிவைக் குடைக்காம்பால் ஒரு குத்துக் குத்துவார். இவ்வளவு கேவலமான மதிலைத் தன் ஆயுளில் எங்கேயும் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, உள்ளே போவார்.